விழுந்தால் உடையும் கல்

கரியாலூர் அஞ்சல்
27.1.2025

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரம் ராசிக்கல் மோதிரம் விற்கும் ஹயாத் பாஷா பாய் அண்ணனுக்கு, கண்ணாயிரத்தின் மனைவி இருசம்மாள் எழுதுவது.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரைத் தெரியும். போன ஆவணியில் ஒரு பாட்டில் மலைத்தேனைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வெள்ளி மோதிரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாரே, காதில் கடுக்கன் போட்ட ஒல்லி ஆள், அவர்தான். மோதிரத்தை மடித்துக் கொடுத்த தாளில் உங்கள் விலாசம் அச்சடித்திருந்தது. போன் நம்பரும் இருந்தது. ஆனால் எங்கள் ஊர் கரியாலூரிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி. மேட்டுக் கொல்லையில் ஏறி நின்றால்தான் போனில் ஒரு கோடு வரும். அங்கே நின்று காட்டுக் கத்தல் கத்துவதைவிட எழுதுவது மேல். நான் பத்தாவது வரை ஆஸ்டலில் தங்கிப் படித்தவள், கையெழுத்து உங்களுக்குப் புரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த நாலாம் நாள் கடுக்காய் பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். ஐந்தாள் உயரம் இருக்கும். கீழே பாறை. தலை பாறைக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் விழுந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு எட்டாம் நாள் அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

அண்ணா, நான் சொல்ல வந்தது அந்த மோதிரத்தைப் பற்றி. அவரைத் தூக்கும்போது பார்த்தால் அந்த வானக் கலர் கல் இரண்டாகப் பிளந்திருந்தது. நீங்கள் விற்கும்போது என்ன சொன்னீர்கள் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். “வுழுந்தா ஒடம்பு ஒடையாது, கல்லு ஒடையும்னு பாய் சொன்னாரு.” அப்படியே நடந்துவிட்டது. ஊரே வந்து மோதிரத்தைப் பார்த்துவிட்டுப் போனது. விழுவதற்கு ஒரு வாரம் முன்பே கல் கொஞ்சம் பச்சையாக மாறியிருந்ததாம். “அப்பவே அது எனக்குச் சொல்லிச்சி, நான்தான் கேக்கல” என்று கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிறார்.

அவருக்கு அதே மாதிரி இன்னொரு கல் வேண்டும். சித்திரையில் தேன் எடுக்கப் போக வேண்டும். என் தம்பிக்கும் ஒன்று வேண்டும். இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள். கரியாலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் வந்து சேரும். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் முதலில் எழுத நினைத்தேன், கடைசியில் வந்துவிட்டது. நன்றி அண்ணா.

இருசம்மாள்


சங்கராபுரம்
4.2.2025

அன்புத் தங்கச்சி இருசம்மாளுக்கு ஹயாத் பாஷாவின் சலாம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். கண்ணாயிரம் தம்பி பிழைத்தது அல்லாஹ்வின் கருணை. தபாலில் கடிதம் என்று ஒன்று எனக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பக்கத்துப் பழக்கடைக்காரர் கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

அந்தக் கல்லைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இருபத்தெட்டு வருஷத் தொழில், கல் என்றால் வாய் நிற்காது. அதன் பெயர் ஃபிரோஜா. பாரசீகத்தில் வெற்றி என்று அர்த்தம் சொல்வார்கள். நல்ல சரக்கு ஈரானில் நிஷாபூர் மலையிலிருந்து வரும். கண்ணாடிபோல வெளிச்சம் ஊடுருவாது. மழை விட்ட வானத்தை வெட்டி வைத்த மாதிரி இருக்கும், சிலதில் கருப்பு நரம்பு ஓடும். அந்தக் காலத்தில் குதிரைப் படைக்காரர்கள் இதை விரலிலும் போடுவார்கள், குதிரையின் கடிவாளத்திலும் கட்டுவார்கள். விழாமல் காக்கும், விழுந்தால் ஆளுக்குப் பதில் தான் உடையும், ஆபத்து வந்தால் நிறம் மாறும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் சொன்னதெல்லாம் அவர்கள் சொன்னதுதான், சொந்தச் சரக்கு இல்லை.

இப்போது கையில் ஃபிரோஜா இருப்பு இல்லை. ஜெய்ப்பூரிலிருந்து வர வேண்டும். எப்போது வருமென்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு சந்தேகம் தங்கச்சி. மலையில் மரம் ஏறுகிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டி ஏறுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத் தம்பி கயிறு கட்டவில்லையா?

ஹயாத் பாஷா


கரியாலூர் அஞ்சல்
16.2.2025

பாய் அண்ணனுக்கு,

கயிறு கட்டவில்லை. ஏன் என்று நீங்களே கேட்கலாமா? கல் இருக்கும்போது கயிறு எதற்கு என்றுதான் கட்டவில்லை. உங்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான். அதனால் இன்னொரு கல் அனுப்புவது உங்கள் கடமை என்றே நினைக்கிறேன்.

இங்கே நிலைமை சரியில்லை. மரவள்ளி பிடுங்குகிற வேலையை நானும் தம்பியும் பார்க்கிறோம். அவருக்குக் கட்டு பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். சும்மா கிடக்கிற ஆம்பிளைக்குக் கோபம் மட்டும் நன்றாக வளர்கிறது. கஞ்சியில் உப்பு ஜாஸ்தி என்கிறார், கம்மி என்கிறார். ஒரே கஞ்சிதான், அண்ணா.

ஆனால் மோதிரத்தை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. உடைந்த கல்லைச் சாம்பிராணித் தாளில் மடித்துச் சாமி படத்தடியில் வைத்திருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம் காட்டுகிறார். போன வாரம் என் தம்பியிடம் சொன்னதைக் கேளுங்கள். “கயிறு அறுந்து போவும்டா. கல்லு அப்டியில்ல. இன்னொன்னு வரட்டும், பெரிய பாறையிலயே கயிறில்லாம எறங்கித் தேன் எடுக்கறேன் பாரு.” பெரிய பாறை என்பது எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற செங்குத்துப் பாறை. அதில் கயிறு கட்டி இறங்கியே இரண்டு பேர் செத்துப்போயிருக்கிறார்கள்.

நான் என்ன செய்வேன்? கல் வந்தால் அவர் இறங்கினாலும் காப்பாற்றும். கல் வராவிட்டால்தான் பயமாக இருக்கிறது. சீக்கிரம் அனுப்புங்கள்.

இருசம்மாள்


சங்கராபுரம்
25.2.2025

தங்கச்சிக்கு,

கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உள்ளே இருப்பது மோதிரம் இல்லை, கயிறு. நைலான், முப்பது மீட்டர். கொடுத்த ஹார்டுவேர் கடைக்காரர் இரண்டு ஆள் கனம் தாங்கும் என்றார். நானே அதில் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தம்பி எங்கே ஏறினாலும் இறங்கினாலும் இதைக் கட்டச் சொல்.

கல் இன்னும் வரவில்லை. வந்தாலும் கால் சரியாகும் வரை மரம் ஏறப் பேச்சே எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஹயாத் பாஷா


கரியாலூர் அஞ்சல்
8.3.2025

ஹயாத் பாஷா அவர்களுக்கு,

கயிறு வந்தது. பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “கல்லு கேட்டா கயிறு அனுப்புறாரா? எம் மேல இன்னா கோவம் பாய்க்கு?” என்று அதைத் தூக்கி விறகு மேல் எறிந்தார்.

உங்களிடம் கல் இருக்கிறது. எனக்குத் தெரியும். என் தம்பி மாசி மகத்துக்கு வேண்டியதை வாங்க சங்கராபுரம் வந்தவன் உங்கள் கடைப்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கலரில் நாலு மோதிரம் இருந்ததாம். மலைக்காரர்களுக்கு எதற்கு என்று நினைத்துவிட்டீர்களா? இல்லை, பலித்த கல் என்று தெரிந்ததும் விலை ஏற்றக் காத்திருக்கிறீர்களா?

உங்களை ஒன்றும் கெஞ்சவில்லை. வெள்ளிமலைச் சந்தையில் ஒருவன் நீலக் கல் மோதிரம் விற்கிறானாம். கட்டு பிரித்தாகிவிட்டது. கால் இன்னும் நொண்டுகிறது. அந்தக் காலோடு சந்தைக்குப் போய் வாங்கிப் போட்டுக்கொண்டு, சித்திரை முதல் வாரத்தில் பெரிய பாறையில் இறங்கப் போகிறார். கயிறு இல்லாமல்தான். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். ஆம்பிளை ஊருக்குச் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க மாட்டார்.

சந்தைக் கல் நல்ல கல்லா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கல் என்றால் நிம்மதியாக இருப்பேன். அதனால்தான் கோபத்தோடும் எழுதுகிறேன்.

இருசம்மாள்


சங்கராபுரம்
17.3.2025

இருசம்மாளுக்கு,

இது நோன்பு மாதம். விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். இந்த நிலையில் ஒருவன் பொய் எழுத மாட்டான் என்று நீ நம்ப வேண்டும். இதைக் கண்ணாயிரத்துக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு.

அந்தக் கல் யாரையும் காப்பாற்றாது.

உன் தம்பி பார்த்தது உண்மை. என்னிடம் நாலு ஃபிரோஜா இருக்கிறது. இருப்பு இல்லை என்று உனக்கு எழுதியது பொய். அதை விற்கக் கை வரவில்லை, அதற்கான காரணத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை.

முதலில் கல்லின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபிரோஜா மென்மையான கல். நீலம், கெம்பு போல உறுதி கிடையாது. ஊசியை அழுத்திக் கீறினால் கோடு விழும். அம்மிக் கல்லில் ஓங்கித் தட்டினால் பிளக்கும். கண்ணாயிரத்தின் கை பாறையில் மோதியது, கல் பிளந்தது. விரல் உடைந்திருந்தாலும் கல் பிளந்திருக்கும், உயிர் போயிருந்தாலும் பிளந்திருக்கும். பச்சையாக மாறியதும் எச்சரிக்கை இல்லை. அந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வேர்வை, எண்ணெய், சோப்பு, தேன் எல்லாவற்றையும் குடித்துவிடும், குடித்தால் நிறம் போகும். காட்டில் வேலை செய்கிறவன் கையில் ஆறு மாதம் இருந்தால் எந்த ஃபிரோஜாவும் பச்சைதான். இதெல்லாம் விற்கும் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதை மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஒரே மகன், நவுஷாத். பைக் வாங்கிக் கொடு என்று இரண்டு வருஷம் அரித்தான். வாங்கிக் கொடுத்த அன்று ஒரு ஃபிரோஜா மோதிரத்தையும் அவன் விரலில் நானே போட்டேன். “இது சவாரிக்காரங்க கல்லுடா. வுழுந்தா ஒடம்பு ஒடையாது, கல்லு ஒடையும்” என்றேன். அவனும் அவன் அம்மா மெஹ்ராஜும் சிரித்தார்கள். மூன்று பேரும் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தோம். எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கள்ளக்குறிச்சி ரோட்டில், மணலில் வண்டி சறுக்கிவிட்டது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்ததாம். மோதிரத்தை நம்பி அங்கே வைத்தானா, முடி கலையும் என்று வைத்தானா, எனக்குத் தெரியாது. எந்தப் பையனும் முடிக்காகத்தான் வைப்பான் என்று பகலில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தொழுகையில் நிற்கும்போது அந்தச் சமாதானம் நிற்பதில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த மோதிரத்தை நான்தான் கழற்றினேன். விரல் வீங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகிக் கழற்ற வேண்டியிருந்தது. கல்லில் ஒரு கீறல் இல்லை.

“மோதிரம் எங்கங்க?” என்று மெஹ்ராஜ் கேட்டாள். ஆஸ்பத்திரியில் தொலைந்துபோனது என்றேன். என் பையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தால், முழுசாக இருக்கும் அந்தக் கல்லைப் பார்த்தால், என்னைப் பார்த்து ஒன்று கேட்பாள் என்று பயந்தேன். வீட்டு அலமாரியில் வைத்தால் கண்ணில் படும் என்று கடைப் பெட்டியின் மூலையில் பஞ்சுக்கு அடியில் வைத்தேன். இரண்டரை வருஷம் ஒருவருக்கும் காட்டவில்லை.

ஆவணியில் உன் வீட்டுக்காரர் வந்தார். பெட்டியைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்திருந்தேன். அவர் வேறு எதையும் தொடவில்லை, நேராக அதை எடுத்தார். “இது இன்னா கல்லு பாய்? இன்னா பண்ணும்?” என்று கேட்டார். விற்பதற்கில்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாய் பழகிய வாய். அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாமல் வந்துவிட்டது. என் மகனுக்குச் சொன்ன அதே வார்த்தையை, என் மகன் கையிலிருந்து கழற்றிய மோதிரத்தை அவர் விரலில் போட்டுவிட்டுச் சொன்னேன். அவர் கொடுத்த தேனையும் வாங்கிக்கொண்டேன். மெஹ்ராஜ் அதை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டாள். எங்கே வாங்கினீர்கள், இவ்வளவு வாசனையாக இருக்கிறதே என்றாள்.

ஏன் விற்றேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். என் கையைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அவ்வளவுதான். இன்னொருவர் கையில் அது என்ன செய்யும் என்று நினைக்கவே இல்லை. உன் முதல் கடிதத்தில், கல் இருந்ததால் பிழைத்தார் என்று நன்றி சொல்லியிருந்தாய். அடுத்ததில், கல்லை நம்பிக் கயிறு கட்டவில்லை என்று எழுதினாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கண்ணாயிரத்தை மரத்திலிருந்து தள்ளியது நான்தான்.

வெள்ளிமலைச் சந்தைக் கல்லை வாங்க விடாதே. என் கல்லும் அனுப்ப மாட்டேன். காப்பது கல் இல்லை, அல்லாஹ் என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். தலையாட்டிவிட்டுப் போய்க் கடையைத் திறப்பேன். உங்கள் சாமி பெயரில் நீ அதையே அவருக்குச் சொல். கயிற்றைக் கட்டச் சொல். இருவரும் என்னைத் திட்டினால் அது எனக்கு உரியது.

ஹயாத் பாஷா


கரியாலூர் அஞ்சல்
2.4.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி அங்கேயே நின்று படித்தேன். படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டேன். நாலு நாள் அவரிடம் காட்டவில்லை. ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொன்னீர்களே, என்னால் முடியவில்லை. காரணம் உங்கள் தப்பு இல்லை, என் தப்பு.

கல்லை நம்பி அவர் கயிறு கட்டவில்லை என்று எழுதினேனே, அது பொய். அவர் கல்லைப் போட்டுக்கொண்டும் தினம் கயிறு கட்டித்தான் ஏறினார். மோதிரத்தைப் பற்றிப் பெருமை பேசுவார், ஆனால் கயிற்றை விட மாட்டார். விழுந்த அன்று காலையிலும் “கயிறு எங்கடி?” என்று கேட்டார். முந்தின நாள்தான் பசு கன்று போட்டிருந்தது. அந்தக் கயிற்றை நான் இரண்டாக வெட்டி மாட்டுக்கும் கன்றுக்கும் கட்டிவிட்டேன். “அதான் ஒனக்குப் பாய் குடுத்த கல்லு இருக்குதே, ஒரு நாள் ஏறுனா இன்னா?” என்று சொன்னது நான். அவர் கையைத் திருப்பி மோதிரத்தைப் பார்த்தார். பிறகு போனார். உங்கள் வார்த்தையை நம்பியது அவர் இல்லை, நான்.

தூக்கிக்கொண்டு வந்தபோது ஊரில் நாலு பேர் “கயிறு இன்னா ஆச்சி?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் உடனே மோதிரத்தைக் கழற்றி எல்லோர் கண்ணெதிரிலும் காட்டி, பாருங்கள் கல் பிளந்துவிட்டது, கல்தான் காப்பாற்றியது என்று அழுதேன். அதன் பிறகு யாரும் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே கேட்கவில்லை. அதை நான் அத்தனை தடவை சொன்னதில் அவரும் நம்பிவிட்டார். கயிறு வேண்டாம் என்கிற பைத்தியம் விழுந்த பிறகுதான் பிடித்தது, அதை ஏற்றிவிட்டவள் நான். உங்களிடம் கல் கேட்டுத் திரும்பத் திரும்ப எழுதினேனே, அவருக்காக மட்டும் இல்லை. இன்னொரு கல் வந்து அவர் அதைப் போட்டுக்கொண்டு நன்றாக இறங்கி ஏறிவிட்டால், நான் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறேன் என்று அவர் சட்டையைப் போட்டபோதுதான் பானையைத் திறந்தேன். முழுவதும் வாசித்தேன். உங்கள் மகன் பேர் வருகிற இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்து முடித்துவிட்டு, கயிற்றை வெட்டியது நான் என்பதையும், அதை மறைக்கத்தான் கல்லைக் காட்டி அழுதேன் என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

“கயிறு இல்லன்னு தெரிஞ்சிக்கினுதான ஏறுனேன். நீயா என்னத் தூக்கி மரத்துல வெச்ச?” என்றார். அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, “ஊரக் கூட்டி வெச்சி கல்லு காப்பாத்திச்சின்னு ஏன்டி சொன்ன? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல” என்றார். இரண்டு நாள் கஞ்சியில் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு அடியைவிடக் கஷ்டமாக இருந்தது.

சந்தைக்குப் போகவில்லை. பெரிய பாறையிலும் இந்த வருஷம் அவர் இறங்க மாட்டார். என் தம்பிதான் தேன் எடுக்கப் போகிறான், நீங்கள் அனுப்பிய கயிற்றைக் கட்டிக்கொண்டு. மேலே அவர் உட்கார்ந்து முடிச்சைப் பார்த்துக்கொள்வார். அந்த வரைக்கும் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் அண்ணா, நீங்கள் சொன்னதை அவர் முழுதாக நம்பவில்லை. கல் மென்மையானது, பாறையில் மோதியதால் பிளந்தது என்று நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, “அந்தப் புள்ள வயசு இன்னா?” என்றார். கடிதத்தில் இல்லை என்றேன். முறிந்த காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அந்தக் கல்லு அந்தப் புள்ளைக்கி ஒடஞ்சிருக்கணும். அவனுக்கு ஒடையாம எனக்கு ஒடஞ்சிக்கிச்சி. அவன் பங்க நான் வாங்கிக்கினு உக்காந்திருக்கறேன்.”

நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பையன் செத்ததற்கும் உனக்கும் என்ன சம்பந்தம், அவன் போய் இரண்டரை வருஷம் கழித்துத்தானே மோதிரம் உன் கைக்கு வந்தது என்று சண்டை போட்டேன். “எனக்குன்னு இல்லாதத நான் தின்னுட்டேன்டி” என்கிறார். பெற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் எந்த மரத்தையும் தொட மாட்டாராம். வருகிற பதினோராம் தேதி வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் சங்கராபுரம் வருகிறோம். உங்கள் மகன் அடங்கிய இடத்துக்குப் போக வேண்டுமாம். வேறு சாதி, வேறு மதம், விடுவார்களா என்றுகூடக் கேட்டார். பிறகு உங்கள் வீட்டு அக்காவின் காலில் விழ வேண்டும் என்கிறார்.

அக்காவுக்கு மோதிர விஷயம் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். இவர் மறைத்துப் பேசத் தெரியாத ஆள். வாசலிலேயே சொல்லிவிடுவார். தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் நாங்கள் வருவதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். என் வீட்டில் நான் சொல்லிவிட்டேன். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

இருசம்மாள்


சங்கராபுரம்
9.4.2025

தங்கச்சிக்கு,

தபாலில் போட்டால் நீங்கள் வந்து திரும்பிய பிறகுதான் வரும். கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே மெஹ்ராஜிடம் சொல்லிவிட்டேன். சொல்ல ஆரம்பித்ததும் அவள் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தொலைந்தது பொய் என்றதும் எழுந்துகொண்டாள். மீதியை அவள் முதுகுக்குத்தான் சொன்னேன். தேன் வரைக்கும் சொன்னேன். தேனைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, விடவில்லை.

அதிலிருந்து நாலு நாளாக என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை, ராத்திரியில் நான் வீட்டுக்கு எடுத்து வரும் கடைப் பெட்டியைத் திறந்து எல்லாக் கற்களையும் கட்டில் விரிப்பில் கொட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மகனுடையது வேறு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று தேடினாள் என்று நினைக்கிறேன். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவளே திரும்பப் பெட்டியில் அடுக்கினாள், நான் அடுக்குகிற வரிசையில். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து ரோட்டில் நின்றேன்.

கண்ணாயிரம் நினைப்பது தப்பு. அவர் யாருடைய பங்கையும் எடுக்கவில்லை. நவுஷாத் இடது பக்கம் மணலில் விழுந்தான், மோதிரம் வலது கையில் இருந்தது. அதனால் கல் உடையவில்லை, அதில் வேறு கணக்கு எதுவும் இல்லை. அவர் வந்ததும் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து இதைத்தான் சொல்வேன். நம்பும் வரை சொல்வேன். இருபத்தெட்டு வருஷம் எதை எதையோ நம்பவைத்த வாய், ஒரு உண்மையை நம்பவைக்க முடியாதா என்று பார்க்கிறேன். அவன் அடங்கிய மையவாடிக்கு நான் கூட்டிப்போகிறேன். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்று அவரிடம் சொல்.

நொண்டுகிற காலோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்க வேண்டாம். ஆட்டோவோடு நான் நிற்பேன்.

இன்று மத்தியானம் கடைக்குக் கிளம்பும்போது மெஹ்ராஜ் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். நாலு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. “வெள்ளிக்கிழம வர்றவங்க கறி சாப்புடுவாங்களா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். “தெரியாம இன்னா பேசிக்கினு இருந்தீங்க இவ்ளோ நாளா? கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

கறி சாப்பிடுவீர்களா தங்கச்சி? கண்டக்டரிடம் சொல்லியனுப்பு. நாளைக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஹயாத் பாஷா